வேதக்கோயில் ஊர்க்காரியிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று நாவல் எழுதியாகிவிட்டது. மூன்றும் தெற்கே செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டு வேதக்கார ஊர்களைப் பற்றியவை. கடிதத்தில் கேட்கிறார்கள், போனில் கேட்கிறார்கள், கோயில் விட்டு வரும்போது வாசலில் மடக்கிக் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் ரசத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூடக் கேட்கிறார்கள். சுற்றிச் சுற்றி அதே பத்துப் பதினைந்து கேள்விகள்தான். எனக்கும் வயதாகிறது, சொன்னதையே சொல்ல அலுப்பாக இருக்கிறது. அதனால் எல்லாவற்றுக்கும் இங்கே ஒரே மூச்சில் பதில் எழுதி வைக்கிறேன்.

உங்களுக்கு எந்த ஊர்?

நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். பெயரைச் சொல்லமாட்டேன், நாவலில் வருகிறவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். 1986-ல் மாவட்டத்தைப் பிரித்து எங்களைத் தூத்துக்குடியில் சேர்த்துவிட்டார்கள், ஆனால் யாராவது கேட்டால் வாயில் முதலில் வருவது திருநெல்வேலிதான். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். எழுத ஆரம்பித்தது ஓய்வுபெற நாலு வருஷம் இருக்கும்போது.

அது என்ன 'வேதக்காரர்', 'வேதக்கோயில்'? பிராமணர்களைச் சொல்கிறீர்களா?

சென்னையில் ஒரு கூட்டத்தில் உண்மையாகவே இப்படிக் கேட்டார்கள். தெற்கத்திப் பக்கத்தில் கிறிஸ்தவர்களுக்கு வேதக்காரர் என்று பெயர். மதம் மாறினார்கள் என்று என் ஆச்சி ஒருநாளும் சொன்னதில்லை, 'வேதத்தில் சேர்ந்தோம்' என்றுதான் சொல்வாள். பைபிள் என்பது வேதப்புஸ்தகம், சர்ச் என்பது வேதக்கோயில். இன்னும் குழப்ப வேண்டுமானால், எங்கள் குருவானவரை நாங்கள் 'ஐயர்' என்போம், அவர் வீட்டம்மா 'ஐயரம்மா'. எங்கள் ஊர்ப் பனையேறியின் மகன் குருப்பட்டம் வாங்கி வந்தால் அவரும் ஐயர்தான். இதில் இருக்கும் வேடிக்கையை நான் ஒரு நாவல் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன், பாதிப் பேருக்குத்தான் பிடிபட்டது.

உங்களைக் 'கிறிஸ்தவ நாவலாசிரியர்' என்று அழைக்கலாமா?

அழையுங்கள், கோபமில்லை. ஆனால் அப்படி அழைக்கிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகைக்கு, கதை முடியும்போது குடிகாரன் முழங்கால் போட வேண்டும். இன்னொரு வகைக்கு, கிறிஸ்தவள் எழுதினால் அது பிரசங்கமாகத்தான் இருக்கும், படிக்க வேண்டாம். தமிழில் முதல் நாவல் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879-ல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அவரை யாரும் கிறிஸ்தவ நாவலாசிரியர் என்று தனிப் பந்தியில் உட்கார வைக்கவில்லை. நான் கோயிலுக்குப் போகிறேன், பாடுகிறேன், திருவிருந்து எடுக்கிறேன், வீட்டுக்கு வந்து நாவல் எழுதுகிறேன். இதில் எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரிந்தால் நாவலே எழுதியிருக்க மாட்டேன்.

ஏன் எப்போதும் தேரிக்காடு? வேறு ஊரே இல்லையா?

செம்மண் கூடப் பரவாயில்லை, இது செம்மணல். காற்றடி காலத்தில் கண்ணைத் திறக்க முடியாது, நேற்று இருந்த மேடு இன்று வேறு இடத்தில் இருக்கும். நெல் விளையாது. பனைதான். பனையேறி விடியுமுன்னே மரத்தில் இருப்பான், சாயங்காலம் மறுபடியும் ஏறுவான், பாளையைச் சீவிக் கலயத்தை மாற்றிக் கட்டி இறங்கி அடுத்த மரம். கீழே விடிலி என்கிற ஓலைக் குடிசையில் அவன் பெண்டாட்டி பதனியைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்ற வேண்டும், புகையில் கண் போய்விடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதனி, தடவாவிட்டால் கள். ஒரு விரல் சுண்ணாம்பு. எங்கள் ஊர் உபதேசியார்கள், அதாவது ஐயருக்கு உதவியாக வேதம் சொல்லிக் கொடுக்கிறவர்கள், இந்தச் சுண்ணாம்பை வைத்தே எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறார்கள், நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே ஏழெட்டுக் கேட்டிருப்பேன்.

இந்த மணலில்தான் 192 அடி உயரக் கோபுரத்தோடு மெஞ்ஞானபுரம் ஆலயம் நிற்கிறது. இந்த மணலில்தான் தமிழறிஞராகவும் இருந்த மிஷனரி கால்டுவெல் ஐம்பது வருஷம் குடியிருந்தார். ஏன் இங்கே, இத்தனை வறண்ட இடத்தில், இத்தனை பெரிய கோயில்கள்? அதற்குப் பதில் தேடி எழுதத் தொடங்கினேன். இன்னும் முழுசாகக் கிடைக்கவில்லை, ஆகையால் வேறு ஊருக்குப் போக முடியவில்லை.

உங்கள் ஊர்ப் பக்கத்தில் நாசரேத், பெத்லகேம், எருசலேம் என்றெல்லாம் பெயர் இருக்கிறதே, எப்படி வந்தது?

ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு விரட்டல் இருக்கிறது. முதலில் வந்தது முதலூர், அதனால்தான் அந்தப் பெயரே. தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார், சாத்தான்குளம் பக்கத்து விஜயராமபுரத்துக்காரர். புதிதாக வேதத்தில் சேர்ந்தவர்களை ஊரில் இருக்கவிடாமல் வீட்டை இடித்தபோது, 1799-ல் நிலம் வாங்கி அவர்களைத் தனியே குடியேற்றினார். வேதக்காரர்களுக்கென்றே உண்டான முதல் ஊர். (முதலூர் என்றதும் உங்களுக்கு நாக்கில் ஊறுவது மஸ்கோத் அல்வா என்று எனக்குத் தெரியும். தேங்காய்ப் பாலில் செய்வது. ஆனால் அல்வாவுக்கு முன்னால் இடிந்த வீடு இருந்தது.)

சில ஊருக்கு வேதத்திலிருந்து பெயர், சில ஊருக்குக் காசு கொடுத்தவர் பெயர். டோனாவூர் என்பதை ஏதோ ஆங்கிலப் பெயர் என்று நினைக்கிறார்கள். பிரஷ்யாவின் டோனா பிரபு அனுப்பிய பணத்தில் மிஷனரி ரேனியஸ் 1827-ல் வாங்கிய ஊர் அது. அந்தப் பிரபு இந்தியாவைப் பார்த்ததே இல்லை, அவர் பெயரில் இங்கே பஸ் ஓடுகிறது. சாயர்புரம், சாயர் என்ற வியாபாரி வாங்கிக் கொடுத்த நிலம். நெடுவிளைதான் பிறகு மெஞ்ஞானபுரம் ஆனது. பழைய பெயர்கள் எல்லாம் மரத்தையும் விளையையும் குளத்தையும் சொல்லும். புதுப் பெயர்கள் நம்பிக்கையைச் சொல்லும். எனக்கு இரண்டும் வேண்டும், என் கதாபாத்திரங்கள் கோபம் வந்தால் பழைய பெயரில்தான் ஊரைச் சொல்வார்கள்.

சரி, நேராகவே கேட்கிறேன். உங்கள் முன்னோர் அரிசிக்காகத்தானே மதம் மாறினார்கள்?

நேராகவே சொல்கிறேன். சிலர் ஆமாம்.

1876-லிருந்து 78 வரை தாது வருஷப் பஞ்சம். அந்தச் சமயத்தில் ஆயிரக்கணக்கில் வேதத்தில் சேர்ந்தார்கள், அது எல்லாப் பதிவிலும் இருக்கிறது, மிஷனரிகளே மறைக்கவில்லை. என் கொள்ளுத் தாத்தா குடும்பம் அந்தக் கூட்டத்தோடு வந்ததுதான். மழை பெய்த பிறகு திரும்பிப் போனவர்களும் உண்டு. என் கொள்ளுத் தாத்தாவின் சொந்தத் தம்பி திரும்பிப் போனார், அவர் பேரன்மார் இப்போதும் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறார்கள், நாங்கள் அவர்கள் சாமிக்கு எடுக்கும் கொடை விழாவுக்குப் போகிறோம்.

ஆனால் கேட்கிறவர்கள் 'அரிசி' என்று சொல்லும்போது அதை என்னவோ கேவலமான பொருள் மாதிரிச் சொல்கிறார்கள். குடியிருக்கும் மண் பண்ணையாருக்குச் சொந்தம், ஏறுகிற மரத்துக்கு வரி, நினைத்த நேரத்தில் எழுந்து போ என்று சொல்லலாம். ரேனியஸ் 1830-ல் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினதே நிலம் வாங்கத்தான், யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாத நிலம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பெண்பிள்ளைக்கும் சேர்த்து. சர்க்கார் கச்சேரியில் கொடுக்க மனு எழுதித் தர ஒரு ஆள். இதெல்லாம் கிடைக்கும் என்று வந்தவன் கடவுளிடம் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? கடவுளிடம் வயிறு காய்ந்து போகிறவனைவிட நிறைந்த வயிற்றோடு போகிறவன் உசத்தி என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த கதையை ஞாயிறு பள்ளியில் படிக்கிறோம், அந்த ஐயாயிரம் பேரும் பிரசங்கம் கேட்கத்தான் உட்கார்ந்திருந்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.

என் முதல் நாவலில் கிழவி ஒருத்தி, 'நான் கஞ்சிக்கு வந்தேன், கர்த்தர் அங்கே இருந்தார்' என்பாள். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்குக் கடிதம் வந்தது. ஒரு பக்கத்துக்குக் கஞ்சி பிடிக்கவில்லை, இன்னொரு பக்கத்துக்குக் கர்த்தர் பிடிக்கவில்லை.

கால்டுவெல்லை இரண்டாவது நாவலில் ஏன் அப்படிக் காட்டினீர்கள்? அவர் தமிழுக்குச் செய்ததை மறந்துவிட்டீர்களா?

நான் தமிழ் வாத்தியார். மறப்பேனா? 1856-ல் வந்த அவருடைய ஒப்பிலக்கணம் இல்லாவிட்டால் திராவிட மொழிக் குடும்பம் என்ற பேச்சே வேறு மாதிரி ஆகியிருக்கும். 1968-ல் மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தது சரிதான். 1838-ல் மெட்ராஸில் கப்பலிறங்கி, 1841-ல் அங்கிருந்து நீலகிரி சுற்றி நடந்தே இடையன்குடி வந்தவர். இடையன்குடி ஆலயத்தைக் கட்டி முடிக்க முப்பத்துமூன்று வருஷம், 1880-ல்தான் முடிந்தது. 1891-ல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். போய் நின்று பாருங்கள், எதிரியாக இருந்தாலும் மனசு இளகும்.

ஆனால் அதே மனிதர் 1849-ல் திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அவர்களை அன்றைக்கு இழிவாகச் சொன்ன பெயரையே தலைப்பில் வைத்து, அவர்கள் புத்தி மந்தமானவர்கள் என்கிற மாதிரி எழுதினார். இங்கிலாந்தில் இருந்து காணிக்கை வர வேண்டும், அதனால் இருளை இன்னும் கொஞ்சம் இருட்டாகக் காட்டினார் என்று சமாதானம் சொல்லலாம். என்றாலும் அவர் எழுதியது யாரைப் பற்றியோ, அவர்கள் பிள்ளைகள் அவர் நடத்திய பள்ளிக்கூடத்திலேயே ஆங்கிலம் படித்தார்கள். படித்து என்ன செய்வார்கள்? அந்தப் புத்தகத்தைத்தான் படிப்பார்கள். பிறகு மனு, மறுப்பு, துண்டுப் பிரசுரம் என்று பல வருஷம் ஓய்வில்லை.

என் நாவலில் ஒரு பையன் அந்தப் புத்தகத்தைத் தன் அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுகிறான். அப்பா பாளை அருவாளைத் தீட்டிக்கொண்டே கேட்கிறார். வாசித்து முடித்ததும் 'ஐயருக்கு நம்ம மேல பிரியம்தான்' என்கிறார், அவ்வளவுதான். அந்தக் காட்சியில் நான் கால்டுவெல்லைத் தாக்கினேன் என்று சிலர் சொல்கிறார்கள், தாக்கவே இல்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். பிரியத்தோடும் ஒருவரைக் குறைத்து எழுத முடியும், அது எனக்கும் நடக்கும் என்று பயந்துதான் அந்தக் காட்சியை எழுதினேன். ஐம்பது வருஷம் கூடவே இருந்தவருக்கே அப்படி நேர்ந்தால், மூன்று வருஷம் விவரம் சேகரித்து நாவல் எழுதுகிற நான் எந்த மூலை?

எலைசா அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கால்டுவெல்லின் மனைவி, நாகர்கோவில் மால்ட் ஐயர் மகள். அவர் தாய் மார்த்தா அங்கே பெண்களுக்கு ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்தவர், மகள் அதை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். தமிழைத் தாய்ப்பால் மாதிரி குடித்து வளர்ந்த பெண். கணவர் இலக்கணத்தில் அந்த அம்மாவின் காதும் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசிப்பேன். ஆதாரம் இல்லாததால் யோசிப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

சட்டாம்பிள்ளை நிஜமான ஆளா?

நிஜம். நாவலுக்காக நான் இட்டுக்கட்டியிருந்தால் 'நம்பும்படி இல்லை' என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, மிஷனிலேயே படித்து, மிஷனிலேயே வேலை பார்த்து, நாசரேத்தில் இருந்த மிஷனரியோடு மோதி வெளியேறியவர். கால்டுவெல் புத்தகத்துக்கு எதிராகப் பேனா எடுத்தவர்களில் முன்னால் நின்றவர். 1857-ல் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரர் தயவு இல்லாத தனிச் சபை தொடங்கினார். இயேசு வேண்டும், ஐரோப்பியப் பழக்கம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் சனிக்கிழமை ஓய்வுநாள், சாம்பிராணி உண்டு, பழைய ஏற்பாட்டு முறைமைகள் உண்டு. இந்து கிறிஸ்தவ சபை என்றார்கள், ஏகரட்சகர் சபை என்றும் சொல்வார்கள்.

சிப்பாய்கள் வடக்கே எழுந்த அதே வருஷம்! நம்முடைய பாடப் புத்தகத்தில் 1857 என்றால் மீரட், டெல்லி. நாசரேத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கும் ஊரில் துப்பாக்கி இல்லாமல் ஒரு கலகம் நடந்தது என்று நான் பி.எட். முடிக்கிறவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. சாதிப் பெருமையும் அதில் கலந்துதான் இருந்தது. ஆனால் எங்கள் கோயில்களின் நூற்றாண்டு மலர்களைப் புரட்டினால் அவர் இருக்கமாட்டார், இருந்தாலும் 'சிலர் வழிவிலகினர்' என்று அரை வரி. அந்த அரை வரிக்குள்தான் என் மூன்றாவது நாவல் நானூறு பக்கம் இருக்கிறது.

சாதியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாதா? கிறிஸ்தவத்தில்தான் சாதி இல்லையே?

இந்தக் கேள்வியை வேறு சாதிக்குள் பெண் கொடுக்காத ஒருவர்தான் வழக்கமாகக் கேட்கிறார்.

வடக்கன்குளம் போயிருக்கிறீர்களா? தேவசகாயம் பிள்ளை 1745-ல் ஞானஸ்நானம் வாங்கிய ஊர். 2022-ல் அவரைப் புனிதர் என்று ரோமாபுரியில் அறிவித்தார்கள். அதே ஊரில் 1872-ல் ஒரு கோயில் கட்டினார்கள், பீடம் ஒன்று, ஆனால் அதிலிருந்து கால்சட்டை மாதிரி இரண்டு கூடங்கள் பிரியும், ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் இன்னொரு சாதி, நடுவில் சுவர். 1910-ல் அந்தச் சுவரை இடித்தார்கள். இடித்தது தப்பு, மறுபடி கட்டு என்று வழக்குப் போட்டு உயர்நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். இது கத்தோலிக்கக் கோயில் கதை என்று புராட்டஸ்டன்ட்டுகளான எங்கள் ஆட்கள் நிம்மதியாகக் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் செங்கல் சுவர் இல்லை, அது உண்மை. சபைத் தேர்தல் சமயத்தில் வந்து பாருங்கள்.

குளோரிந்தா பற்றி நாவல் எழுதுவீர்களா?

நிறையப் பேர் கேட்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து பிராமண விதவை, கோகிலா என்று இயற்பெயர், ஆங்கில அதிகாரி ஒருவரோடு பாளையங்கோட்டை வந்தவர், 1778-ல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். அதிகாரியோடு முறையில்லாமல் வாழ்கிறாள் என்று அதற்கு முன்னால் அதே சுவார்ட்ஸ்தான் மறுத்தார். 1785-ல் குளோரிந்தா கட்டிய ஆலயம் இன்னும் இருக்கிறது, பாப்பாத்தியம்மாள் கோயில் என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும். 1780-ல் எழுதிய சபைப் பதிவில் நாற்பது பேர், முதல் பெயர் அவருடையது.

சிதையிலிருந்து காப்பாற்றப்பட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். அது கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு அதனாலேயே கொஞ்சம் சந்தேகம். எழுதமாட்டேன். அவரைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பட்டியலில் முப்பத்தாறாவது, முப்பத்தேழாவது ஆள் யார் என்றுதான் அரிக்கிறது.

சரித்திரத்தில் இல்லாததை நீங்களே நிரப்புகிறீர்களே, அது பொய் இல்லையா? விசுவாசி பொய் சொல்லலாமா?

என் மருமகனும் இதைக் கேட்டார். எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நிஜப் பெயரோடு வருகிறவர் பதிவில் இருப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யமாட்டார். கால்டுவெல் என் நாவலில் மொத்தம் இரண்டு இடத்தில்தான் வருகிறார், ஒரு இடத்தில் அஸ்திவாரம் தோண்டுகிறவர்கள் பக்கத்தில் குடை பிடித்து நிற்கிறார், இன்னொரு இடத்தில் தூரத்தில் குதிரையில் போகிறார். அவர் வாயில் ஒரு வசனம்கூட நான் வைக்கவில்லை. பேசுகிறவர்கள், அழுகிறவர்கள், திருடுகிறவர்கள் எல்லாம் நான் பெற்ற பிள்ளைகள்.

லூக்கா தன் சுவிசேஷத்தைத் தொடங்கும்போது, எல்லாவற்றையும் 'திட்டமாய் விசாரித்தறிந்து' எழுதுவதாகச் சொல்வார். எனக்குப் பிடித்த சொல் அது. நாலு பேரைப் போய்ப் பார்த்துக் கேட்டிருக்கிறார், அவர்கள் சொன்னதை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மத்தேயு இன்னும் ஒரு படி மேலே. இயேசுவின் வம்ச வரலாற்றை எழுதிக்கொண்டே வருகிறவர், தாவீது வந்ததும் 'உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில் சாலொமோனைப் பெற்றான்' என்கிறார். பத்சேபாள் என்று பெயரைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாமே! கொல்லப்பட்டவன் பெயரைக் கொண்டுவந்து ராஜ வம்சத்துக்கு நடுவில் நிறுத்துகிறார். ராஜா என்ன செய்தார் என்று ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் வாசிக்கும்படி ஆகிவிட்டது. நம் சபை வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியை மேஜையில் ஒட்டிவைத்துக்கொண்டு எழுதினால் மலர்கள் இத்தனை வழவழப்பாக இருக்காது. நான் ஒட்டிவைத்திருக்கிறேன். சபைக்கு விரோதமாக எழுதுகிறாய் என்கிறவர்களுக்கு நான் அந்த வரியைத்தான் காட்டுவேன், அது சபை புத்தகத்திலேயேதான் இருக்கிறது.

சபையில் எதிர்ப்பு வந்ததாமே?

வந்தது, பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஊரில் கூப்பிட்டு, குறிப்பிட்ட ஒரு அதிகாரத்தை அடுத்த பதிப்பில் எடுத்தால் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையில் சால்வை போடுவதாகச் சொன்னார்கள். எடுக்கவில்லை, சால்வையும் வரவில்லை, அசனச் சோறு மட்டும் வந்தது. கத்திரிக்காயும் ஆட்டுக்கறியும் போட்ட அந்தக் குழம்புக்கு எந்தச் சால்வையும் ஈடில்லை.

உங்கள் நாவலில் பேச்சு ஏன் பாதி பைபிள் தமிழாக இருக்கிறது?

எங்கள் ஆட்கள் அப்படித்தான் பேசுவார்கள். 1871-ல் பவர் ஐயர் குழு முடித்த மொழிபெயர்ப்புதான் இன்றும் எங்கள் வீடுகளில் இருப்பது. ஆச்சிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒரே புத்தகம் அது. அதனால் 'விசாரம்', 'சஞ்சலம்', 'அநுக்கிரகம்' எல்லாம் அவள் வாயில் கருப்பட்டி விலையோடு சேர்ந்து வரும். 'கர்த்தரு கூடத்தான் இருக்காரு, ஆனா பதனி வத்திப்போச்சே' என்பாள். அதில் எது பைபிள், எது தேரி என்று பிரித்து எடுக்க முடியாது.

1995-ல் எல்லாச் சபைக்கும் பொதுவாகத் திருவிவிலியம் வந்தது, தமிழ் நல்ல தமிழ், நான் வாத்தியாராக அதைத்தான் பாராட்டுவேன். சாகும் நேரத்தில் யாராவது எனக்கு வாசித்தால் பழையதை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் ஐயரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உதவினவர் ஆறுமுக நாவலர், சைவத்துக்காகக் கிறிஸ்தவத்தை எதிர்த்துத் தீயாகப் பேசியவர். அந்த மொழிபெயர்ப்பு நிலைக்கவில்லை. என்றாலும் வேதத் தமிழ் என்பது வேதக்காரர் மட்டும் செய்ததில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு அது உதவியது.

ஜெபம் பண்ணிவிட்டுத்தான் எழுதுவீர்களா? சந்தேகம் வந்ததில்லையா?

எழுதுவதற்கு முன்னால் காபி. ஜெபம் காலையிலேயே முடிந்துவிடும், இரண்டையும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் வாக்கியம் மோசமாக வரும்போது கடவுள்மேல் பழி போடத் தோன்றுகிறது.

சந்தேகம் வந்தது. இரண்டாவது நாவலுக்காக ஒரு பழைய அடக்கப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலரா வருஷம் ஒன்று. ஒரே குடும்பத்தில் ஒன்பது நாளில் நாலு பிள்ளைகள். வயது ஏழு, ஐந்து, மூன்று, அப்புறம் 'சிசு' என்று மட்டும். அதே கையெழுத்து, அதே மை, நாலாவது வரியில் எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது. எழுதின உபதேசியாருக்குக் கை நடுங்கியதோ, பேனா கட்டைதானோ தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் கோயிலில் கீர்த்தனை பாட வாய் வரவில்லை. ஆறேழு மாதம் அப்படியே இருந்தது. போவேன், உட்காருவேன், வருவேன். அந்த நாட்களில் 88-ம் சங்கீதம் ஒன்றைத்தான் வாசிக்க முடிந்தது, வெளிச்சமே இல்லாமல் முடிகிற சங்கீதம் அது. அதையும் வேதத்துக்குள் விட்டு வைத்திருக்கிறார்களே என்பது ஒரு பிடிமானமாக இருந்தது. பிறகு எப்போது பாட ஆரம்பித்தேன் என்று ஞாபகமில்லை. பக்கத்தில் நின்ற அக்கா சுருதி தப்பிப் பாடிக்கொண்டிருந்தார், அதைச் சரிசெய்ய நான் சத்தமாகப் பாடினேன் என்று நினைக்கிறேன்.

எனக்கும் எங்கள் ஊர் வரலாற்றை எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

கல்லறைத் தோட்டத்தில். முதலில் பெரிய கல்லறைகளை விட்டுவிடுங்கள், ஓரத்தில் எழுத்தழிந்து கிடப்பதைப் பாருங்கள். அப்புறம் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று மூன்று பதிவேடும். பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே வரியில் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே ஒரு கதை இருக்கிறது. ஊரில் வயதான பெண்களிடம் 'சரித்திரம் சொல்லுங்கள்' என்று கேட்டால் ஒன்றும் வராது. 'உங்களை யார் வீட்டில் தண்ணீர் எடுக்கவிடமாட்டார்கள்?' என்று கேளுங்கள், ராத்திரி பத்து மணி ஆகிவிடும். செல்போனில் பதிவு செய்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆண்கள் சொல்வதில் வருஷம் சரியாக இருக்கும், பெண்கள் சொல்வதில் காரணம் சரியாக இருக்கும். இது என் அனுபவம், சண்டைக்கு வராதீர்கள்.

அடுத்த நாவல்?

உபதேசியார்களைப் பற்றி. மிஷனரிகளுக்குச் சிலை இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. ஊர் ஊராக நடந்து, அடி வாங்கி, இருட்டில் பதனிப் பானைக்குப் பக்கத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்களுக்குப் பாதிப் பேருக்குப் பெயரே இல்லை. அறுபது பக்கம் ஆகியிருக்கிறது. கேட்காதீர்கள், கேட்டால் நின்றுவிடும்.

உங்கள் ஊரைப் பார்க்க வரலாமா?

வாருங்கள். மாசிக்குப் பிறகு வாருங்கள், பனை காலத்தில். காலை ஏழு மணிக்குள் வந்தால் பனையோலைப் பட்டையில் பதனி கிடைக்கும். முன்னாலேயே சொல்லிவிடுங்கள், எங்கள் ஊரில் இப்போது ஏறுகிறவர்கள் மூன்றே பேர், அதில் ஒருவருக்கு முட்டுவலி. பதிவேட்டைப் பார்க்க வேண்டுமென்றால் ஐயரிடம் நான் கேட்டு வைக்கிறேன், கோயிலில் வைத்தே பார்க்கலாம். பதனி குடித்த கையோடு மட்டும் தொடாதீர்கள். கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். 1880-களின் தாள் இப்போதே பொடிந்துகொண்டிருக்கிறது.